ஓப்பனிங் ஸ்டாக் எங்கே சார்?

பத்தாம் வகுப்பு காலாண்டுத் தேர்வில் கணக்கில் நான் வாங்கியது 31. அரையாண்டில் 52. ஒரே தாவலில் 21 மார்க்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ராங்க் கார்டை நீட்டினேன். அப்பா 52-ஐப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பையனின் 94-ஐ நினைத்துக்கொண்டார். அப்புறம் நடந்ததை எழுதினால் அம்மா வருத்தப்படுவாள்.

அந்தப் பையன் காலாண்டில் 97 வாங்கியிருந்தான் என்பதை யாருமே கேட்கவில்லை!

பி.காம். சேர்ந்த பிறகுதான் அப்பாவின் தப்பு புரிந்தது. வருஷக் கடைசியில் கடையிலிருக்கும் சரக்கை மட்டும் எண்ணி லாபம் சொல்ல முடியுமா? ஓப்பனிங் ஸ்டாக் எவ்வளவு என்று கேட்க வேண்டாமா?

அமெரிக்காவில் இதைக் கேட்டவர் வில்லியம் சாண்டர்ஸ். டென்னசி பல்கலைக்கழகப் புள்ளியியல் நிபுணர். விவசாய ஆராய்ச்சிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர். எந்தக் காளையின் வாரிசு அதிகம் பால் கறக்கும் என்று மதிப்பிடுகிறார்களே, அந்த வகைக் கணக்கை அப்படியே வாத்தியார்கள் பக்கம் திருப்பிவிட்டார். சிரிக்காதீர்கள், நிஜம்!

1992-ல் டென்னசி மாநிலம் இதைச் சட்டத்திலேயே சேர்த்தது. 2000-ல் சாண்டர்ஸ் எஸ்.ஏ.எஸ். என்ற சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனார். கணக்கும் கூடவே போய், 'ஈவாஸ்' என்ற பெயரில் பல மாநிலங்களுக்குப் பரவியது.

விஷயம் இதுதான். ஒரு மாணவனின் முந்தைய வருஷ மார்க்குகளை எல்லாம் கம்ப்யூட்டர் சேர்த்து, இந்த வருஷம் இவன் இவ்வளவு வாங்க வேண்டும் என்று மதிப்பிடும். அதற்கு மேலே வாங்கினால் வாத்தியாருக்கு வரவு. கீழே போனால் பற்று. வகுப்பு மொத்தத்துக்கும் சேர்த்து அவருக்கு ஒரு மதிப்பெண். இந்தக் கணக்கில் நான் ஹீரோ. பக்கத்து வீட்டுப் பையன் நஷ்டக் கணக்கு!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 97 வாங்குகிறவன் இன்னும் எங்கே போய் வளர்வான்?

நியூயார்க் மாநிலத்தில் ஒரு நாலாம் வகுப்பு டீச்சர் அம்மா. அங்கே கணக்கு வேறு, சங்கதி இதேதான். ஒரு வருஷம் 20-க்கு 14 கிடைத்தது. அடுத்த வருஷம் 20-க்கு 1! இத்தனைக்கும் இரண்டு வருஷமும் பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருந்தார்கள். கோர்ட்டுக்குப் போனார். 2016-ல் நீதிபதி அந்த 1-ஐ ரத்து செய்தார்.

டெக்சாஸில் ஹூஸ்டன் நகரத்தில் நிலைமை இன்னும் மோசம். ஈவாஸ் மதிப்பெண்ணைப் பார்த்து வாத்தியார்களின் வேலைக்கே உலை வைக்கலாம் என்ற நிலை. 'எப்படி சார் போட்டீங்க?' என்றால், 'கம்பெனி ரகசியம்' என்று பதில். 2014-ல் வழக்குப் போட்டார்கள். சரியா தப்பா என்று சரிபார்க்கவே வழியில்லாத மதிப்பெண்ணை வைத்து வேலையைப் பறிப்பது நியாயமா என்ற கேள்வி விசாரணைக்கு உரியதுதான் என்று 2017-ல் நீதிபதி சொன்னார். அதே வருஷம் சமரசம். சரிபார்க்க முடியாத மதிப்பெண்ணைக் காட்டி வேலை நீக்கம் செய்வதில்லை என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2014-ல் ஓர் எச்சரிக்கை விட்டது. மாணவர்களின் மார்க் வித்தியாசத்தில் வாத்தியாரின் பங்கு 1-லிருந்து 14 சதவீதம்தான் என்று பெரும்பாலான ஆய்வுகள் சொல்கின்றனவாம். மீதி? வீடு, வறுமை, பள்ளிக்கூடம், கேள்வித்தாள்...

நமக்கும் ஆபீஸில் வருஷா வருஷம் அப்ரைசல் மார்க் வருகிறதே... எப்படி வந்தது என்று கேட்டால், 'சிஸ்டம் காட்டுதுப்பா' என்கிறார் மேனேஜர். ஹூஸ்டன் வாத்தியார்களின் வயிற்றெரிச்சல் நமக்குப் புரியாதா என்ன?

வளர்ச்சியை அளக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 52-க்கு அடி வாங்கியவனாச்சே! என் 31-ஐ 52 ஆக்கியவர், ஸ்கூல் விட்டதும் அரை மணி நேரம் என்னோடு மல்லுக்கட்டிய கணக்கு சார். இல்லை, அந்தத் தடவை கேள்வித்தாள் சுலபமாக இருந்ததோ என்னவோ! எது எவ்வளவு என்று சாஃப்ட்வேர் தாராளமாகச் சொல்லட்டும்.

வவுச்சரையும் காட்டச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.