எல்லைக்கோடும் ஏலத்தோட்டமும்

நான் பிறந்து வளர்ந்தது வண்டன்மேடு. சொந்த பந்தமெல்லாம் மலைக்குக் கீழே கம்பத்தில். காலையில் ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு வருகிறவர்கள் சாயந்தரம் வீடு திரும்பிவிடுவார்கள். வேற மாநிலத்துக்குப் போயிட்டு வர்றோம் என்கிற நினைப்பே யாருக்கும் கிடையாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கம்பம்மெட்டு வழி அடைபட்டபோதுதான் அந்த நினைப்பு வந்தது. கம்பத்தில் என் அத்தை இறந்தார். பாஸ் கிடைக்கவில்லை, அப்பாவால் தங்கையின் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. "பர்மா மாதிரில்ல ஆயிப்போச்சு" என்றார். அவருடைய தாய்மாமா ரங்கூனில் இருந்தவர். அந்தச் சொல்லுக்குப் பொருள் தேடப் போனதில் பிறந்ததே இக்கட்டுரை.

பர்மா அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் கப்பலேறி ரங்கூன் போக டிக்கெட் போதும், பாஸ்போர்ட் வேண்டாம். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா தனியே பிரிந்தது. மறுநாளே கதவை மூடவில்லை. போக்குவரத்து பழையபடி நடக்கச் சில வருட ஏற்பாடு இருந்தது. 1938இல் இந்தியருக்கு எதிரான கலவரம். 1941இல் இந்திய-பர்மா குடியேற்ற உடன்படிக்கை. புதிதாக வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு எத்தனை வருடம் இருந்தார்கள் என்கிற கணக்கு. கூலிக்காரரிடம் என்ன காகிதம் இருக்கும்? காந்தியடிகளே இதைக் கண்டித்தார். அந்த டிசம்பரில் ஜப்பானியப் படை புகுந்தது. லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குத் தப்பி வந்தனர். பலர் காட்டு வழியில் நடந்தே வந்தனர். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம்.

இதே கதையைப் பிரிட்டனும் நம் காலத்தில் கண்டது. 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டது. பதினோரு மாத இடைக்காலம் முடிந்ததும் தடையற்ற போக்குவரத்து நின்றது. அங்கேயே குடியிருந்த ஐரோப்பியர் விண்ணப்பம் போட்டு, ஐந்து வருட வாசத்தைக் காட்டி, நிலையான உரிமை பெற வேண்டியிருந்தது. ஆனால் அயர்லாந்துக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. இரு நாட்டாரும் தாராளமாகப் போய்வரும் பழைய ஏற்பாடு ஒன்றியத்தைச் சாராமல் தனியாக இருந்ததே காரணம். கூட்டுக்குடும்பம் பிரிந்தாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்து வைக்கலாம். அதைத் தனியே பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

நம் மலைக்கு வருவோம். தேவிகுளம், பீர்மேடு பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கத் தமிழர் போராடியும், 1956 நவம்பர் 1 அன்று அவை கேரளத்தோடு நின்றன. ஆனாலும் பாதை மூடவில்லை. இந்தியா முழுவதும் தடையின்றிச் சென்றுவரவும் குடியிருக்கவும் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு உரிமை தருகிறது. பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடு மட்டுமே விதிக்கலாம். 2020இல் வந்தது நோய்க்கான தற்காலிகத் தடை. பர்மாவில் உரிமையே போயிற்று.

இந்த வித்தியாசத்தை அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சட்டம் வேறயா இருக்கலாம்ப்பா. கூடப்பொறந்தவ முகத்தைப் பார்க்க முடியலையே, அது ஒண்ணுதானே" என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. இன்னொரு முறை சாவடி அடைபடும் நாள் வந்தால், சாவுக்கும் அன்றாடக் கூலிக்கும் வழிவிடும் ஏற்பாட்டை இரு மாநிலமும் இப்போதே எழுதிவைக்க வேண்டும். கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.