தாமிரத்தை இறுகப் பிடிக்கும் நெய்வேலி நிலக்கரி

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி மின்சாரத்துக்கு மட்டும் பயன்படுவதில்லை. அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஹியூமிக் அமிலம் பயிர் ஊக்கியாக வயலுக்கும் போகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைப் பல பயிர்களில் ஆராய்ந்திருக்கிறது. இந்த அமிலத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: தாமிரத்தைக் கண்டால் விடாது, அதோடு அணைவுச் சேர்மமாகப் பிணைந்துவிடும்.

அணைவுச் சேர்மம் என்பது என்ன?

பிளஸ் 2 மாணவர்களுக்குத் தெரிந்த பாடம்தான். நடுவில் ஓர் உலோக அயனி. அதற்கு எலெக்ட்ரான் இணைகளைக் கொடுத்துச் சுற்றிலும் பிணைந்திருப்பவை ஈனிகள். இந்த அமைப்பை 1893-ல் விளக்கிய ஆல்ஃபிரட் வெர்னருக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. மயில்துத்தத்தின் (காப்பர் சல்பேட்) நீலத்துக்குத் தாமிரத்தைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளே காரணம். சூடாக்கி நீரை முழுதும் வெளியேற்றினால் பொடி வெளுத்துவிடும். அதன் கரைசலில் அம்மோனியாவை மிகுதியாகச் சேர்த்தால் நிறம் கருநீலமாகும். தாமிரம் அதேதான், ஈனி மாறியது, நிறமும் மாறியது.

ஹியூமிக் அமிலத்தின் தாமிர அணைவை எப்படித் தயாரிக்கிறார்கள்?

நிலக்கரித் தூளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கலக்கினால் ஹியூமிக் அமிலம் கரைந்து வரும். வடிகட்டி, அதில் அமிலம் ஊற்றினால் கருநிறப் படிவாக அடியில் தங்கும். இதன் கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகளில் உள்ள ஆக்சிஜன்களே ஈனிகள். காப்பர் சல்பேட் சேர்த்தால் அவை தாமிரத்தைப் பற்றிக்கொள்கின்றன. மாங்கனீசு, இரும்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் இரட்டை நேர்மின் அயனிகளைவிடத் தாமிர அயனி பொதுவாக உறுதியான அணைவுகளைத் தரும்.

உள்ளமைப்பை எப்படி அறிவது?

படிகமாகும் பொருளென்றால் எக்ஸ் கதிர் போதும். 1912-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் இயற்பியலாளர் லாவேயின் யோசனைப்படி முதன்முதலாக எக்ஸ் கதிர் விளிம்பு விளைவைக் காட்டியதே ஒரு மயில்துத்தப் படிகம்தான். அதன் முழு அமைப்பு 1934-ல் தெரியவந்தது: தாமிரத்தைச் சுற்றி ஒரே தளத்தில் நான்கு நீர் மூலக்கூறுகள், மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்சிஜன்கள். ஐந்தாவது நீர் தாமிரத்தைத் தொடுவதே இல்லை.

ஹியூமிக் அமிலம் பலவகை மூலக்கூறுகளின் கலவை, படிகமாகாது. எனவே சுற்றுவழிதான். அகச்சிவப்பு நிறமாலையில் 1720 அலை எண் அருகே தெரியும் கார்பாக்சில் பட்டை, தாமிரம் சேர்ந்ததும் மங்குகிறது. தாமிர அயனியில் இணையில்லாத எலெக்ட்ரான் ஒன்று இருப்பதால், எலெக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வுக் கருவியும் உதவுகிறது. ஏறக்குறைய சதுரத் தளத்தில் ஆக்சிஜன்கள் சூழ்ந்திருப்பதை அதன் சைகை காட்டுகிறது.

விவசாயிக்கு இதனால் என்ன?

பிடிப்பில் நன்மையும் உண்டு, கெடுதலும் உண்டு. மண்ணில் தாமிரம் மிஞ்சியிருந்தால் ஹியூமிக் பொருள்கள் அதன் நச்சைத் தணிக்கும். ஆனால் கரிமப் பொருள் மிக அதிகமுள்ள மண்ணில், பிடிபட்ட தாமிரம் வேருக்கு எட்டாமல் பற்றாக்குறை தோன்றும்.

ஒன்றை மறக்க வேண்டாம். போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு போன்ற தாமிர மருந்துகளை ஹியூமிக் கரைசலோடு ஒரே தெளிப்பானில் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து திரிந்தால் தெளிப்பான் மூக்கு அடைபடும். மருந்தின் வீரியமும் குறையும். தனித்தனியாக, இடைவெளி விட்டுத் தெளிப்பதே நல்லது.