மயக்கம் தெளியும் வேளை

நோயுற்றோர்க்கு நல்லுறக்கம் ஒரு மருந்து என்பர். உறங்கும் நோயாளியை எழுப்புவோரை வீட்டிலுள்ள பெரியோர் கடிந்துகொள்வதும் உண்டு. ஆயின், மூளையில் அறுவை மருத்துவம் செய்யப்பெற்றவரைச் செவிலியர் அன்றிரவு முழுதும் மீண்டும் மீண்டும் எழுப்புவர். அஃது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன், என் மைத்துனருக்குத் தலையிலிருந்த கட்டி ஒன்றை அறுவை செய்து நீக்கினர். அன்று மாலை அவரருகே சிறிது நேரம் இருக்க எனக்கு இசைவு கிடைத்தது. கால்மணிக்கு ஒருமுறை ஒரு செவிலி வந்து, அவரைத் தட்டி எழுப்பி, “ஐயா, உங்கள் பெயர் என்ன? இது எந்த இடம்? இன்று என்ன கிழமை?” என்று வினவுவார், கையை அழுத்தச் சொல்வார், கண்ணில் விளக்கொளி பாய்ச்சுவார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. “அம்மா, களைத்துக் கிடப்பவரைச் சற்றே உறங்கவிடலாகாதா?” என்றேன். “ஐயா, இவர் உறங்குகிறாரா, உணர்விழக்கிறாரா என்பதை எழுப்பிப் பார்த்தாலன்றி நான் அறியேன்” என்றார் அவர்.

அம்மறுமொழியின் பொருளைப் பின்னரே முழுதும் உணர்ந்தேன். மண்டையோடு விரிந்துகொடாத எலும்புப் பேழை. அறுவை செய்த இடத்தில் குருதி கசிந்து தேங்குமாயின், அதற்கு ஒதுங்க இடமில்லை. அது மூளையையே நெருக்கும். நெருக்குண்ட மூளை முதலில் காட்டும் குறி பெரும்பாலும் அயர்வே. மயக்கமருந்தின் எச்சமும் அயர்வே. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மருந்தின் மயக்கம் நேரம் செல்லச் செல்லத் தெளியும். குருதிக் கசிவின் மயக்கமோ, தெளிந்தவரையும் மீண்டும் ஆழ்த்தும். ஆகவே, ஒருமுறை பார்த்தறிவது போதாது. முன்னர் இருந்த நிலையோடு ஒப்பிட்டே அறிதல் வேண்டும். ஒரு பக்கத்துக் கண்ணின் பாவை விரிந்து ஒளிக்குச் சுருங்காமை, குருதியழுத்தம் ஏறி நாடி தளர்தல் ஆகியவை தோன்றும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடக்கூடும்.

ஒப்பிடுவதற்கு அளவுகோல் வேண்டுமன்றோ? ஒருவர் ‘அரைமயக்கம்’ என்று எழுதுவதை மற்றொருவர் ‘தூக்கக் கலக்கம்’ என்று எழுதுவார். இக்குழப்பம் நீங்க, கிளாஸ்கோ நகரத்து மூளை அறுவை மருத்துவர்களான கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் ஓர் அளவுமுறையை வெளியிட்டனர். இன்று வழங்கும் வடிவில், கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என மதிப்பெண் கூட்டுவர். முழுத் தெளிவுக்கு 15. மிகத் தாழ்ந்த நிலைக்கு 3. சொல்லைக் காட்டிலும் எண் தெளிவானது என்று தமிழாசிரியனாகிய நானே ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் இது!

எனினும், எண் மட்டும் போதாது. செவிலியர் முறை மாறும் வேளையே இடர் மிகுந்த வேளை. மாலைச் செவிலி உடலசைவுக்கு 6 இட்டிருக்க, இரவுச் செவிலி 5 இட்டால், தாழ்ந்தது நோயாளியின் நிலையா, மாறியது பார்ப்பவர் கணிப்பா? இவ்வையம் எழாதிருக்க, இருவரும் கட்டிலருகே ஒருங்கே நின்று, ஒருங்கே சோதித்து, ஒரே எண்ணைக் குறித்தல் நன்முறை. முன்னரே கண்ணில் அறுவை செய்துகொண்டவருக்குப் பாவைகள் ஒத்திராமல் இருக்கலாம். அச்செய்தியைச் சொல்லாமல் விட்டால், அடுத்தவர் வீணே அஞ்சுவார். தாளில் அடங்காதனவும் உண்டு: ‘மாலையில் மனைவியின் பெயரை உடனே சொன்னார், இப்பொழுது தேடிச் சொல்கிறார்’ என்பது போன்றவை.

நம் அகப்பாடல்களில் செவிலி என்பாள் தலைவியை வளர்த்த தாய். மகளின் சிறு மாற்றத்தையும் முதலில் காண்பவள். மருத்துவமனைத் தாதியர்க்கு அப்பெயரை இட்டவர் எவராயினும், பொருத்தம் அறிந்தே இட்டார்.

மூச்சு தடையின்றி ஓடுகிறதா என்பதையும் செவிலியர் இடைவிடாது நோக்குவர். மூச்சுக் குறைந்தால் குருதியில் கரியமிலவாயு மிகும், மூளையின் குருதிக்குழாய்கள் விரியும், நெருக்கம் கூடும். தலைமாட்டை ஏறத்தாழ 30 பாகை உயர்த்தி, கழுத்து திரும்பாமல் நேராக வைப்பது, தலையிலிருந்து குருதி எளிதில் இறங்குவதற்காகவே. வலி தணிக்கும் மருந்தும் அளவறிந்தே தரப்படும். மிகுந்தால் அதுவும் அயர்வைத் தந்து குறிகளை மறைத்துவிடும்.

மறுநாட் காலை நான் மீண்டும் சென்றபொழுது, வேறொரு செவிலி கட்டிலருகே வந்தார். அவர் வாய்திறக்கும் முன்னரே என் மைத்துனர், “இன்று வியாழக்கிழமை அம்மா, வியாழக்கிழமை!” என்று சற்றே சினத்துடன் கூறினார். அவ்வம்மையார் புன்னகைத்து, பேச்சுக்கு நேராக 5 என்று எழுதிக்கொண்டார்.