தொழில் தந்த நோய் – 9: நாற்காலி ஊரின் மூக்கு

சென்ற வாரம் பஞ்சுத்தூசி நுரையீரலைப் பிடித்த கதையைப் பார்த்தோம். மரத்தூசி பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதில்லை. மூக்கிலேயே தங்கிவிடும்; இன்று பார்க்கப்போகும் கேடும் அங்கேதான்.

லண்டனுக்கு வடமேற்கே ஹை விக்கம் என்று ஓர் ஊர். சுற்றிலும் பீச் மரக் காடுகள் இருந்ததால் தலைமுறை தலைமுறையாக நாற்காலி செய்த ஊர். பச்சை மரத்தைக் கையால் கடைந்த நாட்களில் சுருள்தான் அதிகம் விழுந்தது. காய்ந்த மரத்தை வேக இயந்திரத்தில் கொடுக்கத் தொடங்கிய பிறகு அதுவே தூசியாகப் பறந்தது. 1960களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மே ஹேட்ஃபீல்டின் கண்ணில் ஒன்று பட்டது. மூக்கில் மிக அரிதாகவே வரும் அடினோகார்சினோமா என்ற புற்று, இந்த ஊரில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் மரவேலைக்காரர்கள்.

பாலிஷ், வார்னிஷ் மேல்தான் யாருக்கும் முதலில் சந்தேகம் வரும். வாடை அடிப்பது அவைதானே! ஆனால் அவற்றைத் தொடாமல், மரம் அறுத்து இழைத்தவர்களுக்கே நோய் வந்திருந்தது. ஆய்வாளர் டொனால்ட் ஆச்சிசனோடு சேர்ந்து ஹேட்ஃபீல்ட் எழுதிய ஆய்வு 1968இல் வெளிவந்தது. மறு ஆண்டே பிரிட்டன் இந்தப் புற்றைத் தொழில்நோயாக ஏற்றது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை உறுதியான புற்றுக்காரணி என்று அறிவித்தது 1995இல்தான். நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆவதால் யாருக்கும் அவசரம் தோன்றவில்லை போலும்.

பட்டறைத் தரையில் குவிந்து கிடக்கும் சுருளைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். அதைவிடப் பயப்பட வேண்டியது, உப்புத்தாள் போடும்போது எழும் மாவு. சாதாரண வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. பட்டறையை இருட்டாக்கி, எதிர்ப்புறமிருந்து பலமான விளக்கை அடித்தால் புகைபோல் மிதப்பது தெரியும். தூசி எங்கே கிளம்பி எந்தப் பக்கம் போகிறது என்று ஆய்வாளர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

கிளம்பும் இடத்திலேயே பிடிப்பதுதான் வழி. ரம்பத்துக்கும் சாண்டிங் மெஷினுக்கும் பக்கத்திலேயே உறிஞ்சு குழாயின் வாய் இருக்க வேண்டும்; ஒரு முழம் தள்ளி வைத்தாலும் பிடி தளர்ந்துவிடும். மாலையில் துடைப்பத்தால் பெருக்குவதும், சட்டைக்கு ஏர் அடிப்பதும் படிந்ததை மறுபடி மூச்சுக்கே அனுப்பும் வேலை. நுண்தூசியைப் பிடிக்கும் வாக்குவம் கிளீனர்தான் அங்கே வேண்டும். முகமூடி கடைசித் துணை. அதை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிற முதலாளி, தன் செலவைத் தொழிலாளியின் முகத்தில் மாட்டிவிடுகிறார்.

வன்மரத் தூசிக்குப் பிரிட்டனில் இன்றைய வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 3 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2. நம் தேக்கும் வேம்பும் பூவரசும் வன்மர இனம்தான்.

இந்தத் தூசிக்கு இன்னொரு குணமும் உண்டு; அது வெடிக்கும். 2012 ஜனவரியில் கனடாவின் பர்ன்ஸ் லேக்கில் ஒரு மர ஆலை வெடித்து இருவர் இறந்தனர். மூன்று மாதத்தில் பிரின்ஸ் ஜார்ஜில் இன்னொன்று வெடித்தது, அங்கேயும் இருவர். வண்டு அரித்துக் காய்ந்த பைன் மரங்களிலிருந்து அந்தக் கதையைத் தொடங்க வேண்டும்.

(தொடரும்)