மண்ணில் குடியிருக்கும் ஆட்டு நோய்

மெலியோய்டோசிஸ் ஆடு, பன்றி, மனிதர் எனப் பல உயிர்களைத் தாக்கும் பாக்டீரியா நோய். இதை உண்டாக்கும் பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமிக்கு ஈரமண்ணும் தேங்கிய நீருமே வீடு. வட ஆஸ்திரேலியாவிலும், மலேசியா உட்பட்ட தென்கிழக்கு ஆசியாவிலும் இது பரவலாகக் காணப்படுகிறது. மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் செம்பனை மரங்களுக்கிடையே ஆடு மேய்ப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய நோய் இது.

இந்தக் கிருமி முதலில் ரங்கூனில் கண்டறியப்பட்டது. அங்கே 1911இல் ஆல்பிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனையின்போது சில உடல்களின் உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டிகளைக் கண்டார்கள். இறந்தவர்களில் பலர் மார்பின் என்ற போதைமருந்துப் பழக்கத்துக்கு ஆளானவர்கள். கட்டிகளில் இருந்த கிருமி, குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோய்க் கிருமியை ஒத்திருந்தும் அதிலிருந்து வேறுபட்டது என்று 1912இல் அவர்கள் எழுதினார்கள். 1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஆய்வுக்காக வளர்த்த கினிப்பன்றிகளுக்கும் முயல்களுக்கும் ஒரு தொற்று கண்டது. அதை ஆராய்ந்த வில்லியம் பிளெட்சரும் ஆம்புரோஸ் ஸ்டான்டனும் ரங்கூன் கிருமியே இதற்கும் காரணம் என்று தெளிந்து, 1921இல் நோய்க்கு இன்றுள்ள பெயரைச் சூட்டினார்கள். 1949இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் செம்மறி ஆடுகளிடையே இந்த நோய் கண்டபோது, பண்ணை விலங்குகளுக்கும் இதனால் ஆபத்து என்பது உறுதியானது.

கால்நடைகளின் பாக்டீரியா நோய்கள் பல, ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்குத் தொற்றுபவை. மாடு, எருமைகளுக்கு வரும் தொண்டை அடைப்பானும் கோழிகளுக்கு வரும் காலராவும் அப்படிப்பட்டவை. இவ்விரண்டுக்கும் பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்ற ஒரே இனக் கிருமிதான் காரணம். கோழிக் காலராக் கிருமியின் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கலாம் என்று லூயி பாஸ்டர் 1880 வாக்கில் காட்டினார். தொண்டை அடைப்பானுக்கு மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போடுவது இன்று பல நாடுகளில் வழக்கம். நோயுற்றதைப் பிரித்து, மற்றவற்றுக்கு ஊசி போட்டால் பரவலை அடக்கிவிடலாம். மெலியோய்டோசிஸுக்கு இந்த வழி போதாது. நோயுற்ற ஆடுகளை எல்லாம் அகற்றினாலும் கிருமி மண்ணிலேயே இருக்கும். விலங்குகளுக்கோ மனிதருக்கோ அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசியும் இதுவரை இல்லை.

காலிலோ மடியிலோ உள்ள சிராய்ப்பு, குடிநீர், மூச்சுக்காற்று ஆகியவற்றின் வழியே கிருமி உடலுக்குள் நுழைகிறது. பெருமழை அதை மண்ணின் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. அதனால்தான் மழைக்காலத்தில் நோய் கூடுகிறது. தாய்லாந்து ஆய்வு ஒன்றில், வேறு எந்தச் சத்தும் இல்லாத காய்ச்சி வடித்த நீரில் இந்தக் கிருமி 16 ஆண்டுகள் உயிரோடிருந்தது.

வெள்ளாடும் செம்மறியும் இதற்கு எளிதில் இரையாகின்றன. காய்ச்சல், இருமல், மெலிவு, நொண்டல், மடிவீக்கம் ஆகியவை அறிகுறிகள். நுரையீரல், கல்லீரல், மண்ணீரலில் சீழ்க்கட்டிகள் உண்டாகும். பன்றி வெளியே நலமாகத் தெரிந்தாலும், அறுத்த பிறகு அதன் மண்ணீரலில் கட்டிகள் தென்படலாம். மாடுகள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. பறவைகளுக்கு இது அரிதாகவே வருகிறது.

கண்ணால் பார்த்து மட்டும் நோயை உறுதி செய்ய முடியாது. நிணநீர்க் கட்டிகளில் சீழ் பிடிக்கும் வேறொரு பாக்டீரியா நோயும் ஆடுகளுக்கு உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம். சீழின் மாதிரியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பதே உறுதியான வழி. அதற்குக் கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தை நாடலாம். பெனிசிலின், ஜென்டாமைசின் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் மசிவதில்லை. மருத்துவம் நீண்டது, செலவு மிக்கது. நிறுத்திய பின்னும் நோய் திரும்பலாம். ஆகவே நோய் உறுதியான ஆட்டைப் பெரும்பாலும் மந்தையிலிருந்து நீக்கிவிடுகிறார்கள்.

ஆகவே, ஆட்டுக்கும் ஈரமண்ணுக்கும் உள்ள தொடர்பைக் குறைப்பதே தடுப்பின் அடிப்படை. மலேசியாவில் வழக்கத்தில் உள்ள, கால்கள் மேல் உயர்த்தி இடைவெளி விட்டுப் பலகை அடித்த ஆட்டுக் கொட்டகை இதற்குப் பெரிதும் உதவுகிறது. புழுக்கை கீழே விழுந்துவிடும், தரையும் காய்ந்திருக்கும். கொட்டகையைச் சுற்றி நீர் தேங்காமல் வடிகால் வேண்டும். குட்டை நீருக்குப் பதில் குளோரின் கலந்த குழாய் நீர் தருவதும், பெருமழைக்குப் பின் தாழ்வான இடங்களில் மேய விடாமலிருப்பதும், புண்களுக்கு உடனே மருந்திடுவதும் நல்லது.

ஆட்டிடமிருந்து நேரடியாக மனிதருக்குத் தொற்றுவது அரிது. ஆட்டுக்கும் மனிதருக்கும் பெரும்பாலும் மண்ணும் நீரும்தான் ஊற்று. 2010இல் பகாங் மாநிலத்தின் லுபுக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடச் சென்றவர்களிடையே இந்த நோய் கண்டு உயிர்ப்பலியும் நேர்ந்தது. இனிப்புநீர் (நீரிழிவு) நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து பன்மடங்கு. மலேசிய இந்தியரிடையே இனிப்புநீர் மிகுதி என்பதால் தோட்டப்புற மக்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். சேற்றில் இறங்கும்போது காலணியும் கையுறையும் அணிய வேண்டும். ஆட்டுப்பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும். கோயில் கிடா வெட்டின்போது ஈரலிலோ நுரையீரலிலோ சீழ்க்கட்டி தென்பட்டால் அந்த இறைச்சியை ஒதுக்கிவிட்டுக் கால்நடை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விடாத காய்ச்சலோடு மருத்துவரிடம் செல்பவர், தாம் மண்ணிலும் கால்நடைகளோடும் வேலை செய்வதையும் இனிப்புநீர் இருப்பதையும் சொன்னால், எந்தப் பரிசோதனை தேவை என்பதை மருத்துவர் விரைவில் முடிவு செய்ய முடியும்.