பாளைக்குள் ஒரு பியர்

மேல்நாடுகளில் வீட்டிலேயே பியர் வடிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. பார்லியை முளைக்க வைத்து, காய்ச்சி, ஈஸ்ட் சேர்த்து, வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். இலங்கையின் சாம்பல்தீவுப் பக்கத்துப் பனைக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. பாளையிலிருந்து சொட்டும் சாற்றிலேயே நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சீனி உண்டு. காற்றிலும், சாற்றை ஏந்தும் பழைய முட்டியின் உட்சுவரிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட், சாறு விழுந்த சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். நுரை பொங்கும், புளிப்பு வாடை எழும். ஒரு நாளுக்குள் மதுசாரம் பியர் அளவை, அதாவது நூற்றுக்கு நாலைந்தை எட்டிவிடும்; இதுதான் கள்ளு. இன்னும் சில நாள் விட்டால் கள்ளு வினாகிரியாகிவிடும்.

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் கதையே வேறு. ஈஸ்ட் அடங்கிவிடும், சாறு இனிக்கும் கருப்பநீராகவே இறங்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. விடியலிலும் மாலையிலும் மரமேறிப் பாளை சீவும் தொழிலாளி நுணுக்கமான நொதித்தல் அறிவைக் கையில் வைத்திருப்பவர். அந்தத் தொழிலுக்குரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம்: இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மது வடிப்பது குற்றம்.