ஆடியில் நிற்கிறது, ஆவணியில் திரும்புகிறது

முகூர்த்த மாதம் முடிந்து இரண்டு வாரம் ஆனால் போதும், தாலிக் கயிற்றில் மஞ்சள் மங்காத பெண்கள் என் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்கள். கூட அம்மாவோ மாமியாரோ இருப்பார். “சூடு பிடிச்சுக்கிச்சு டாக்டர். சொட்டுச் சொட்டா எரிச்சலா போகுதாம்” என்று கூட வந்தவர்தான் சொல்வார். பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி வந்த ஒருவரை மறக்க முடியவில்லை. வைகாசியில் கல்யாணம். ஆனி முடிவதற்குள் மூன்று முறை நீர்க்கடுப்பு. ஆடிக்குப் பிறந்த வீடு போனதும் சுத்தமாக நின்றுவிட்டது. ஆவணி பிறந்து கணவர் வீட்டுக்குத் திரும்பிய நாலாம் நாள் மறுபடி எரிச்சல், ரத்தம் கலந்த சிறுநீர். “எங்க வீட்டுத் தண்ணி ஒத்துக்குது, அவங்க போர் தண்ணிதான் சூடு” என்று அம்மா முடிவே கட்டிவிட்டார். அதற்குள் நாலு அட்டை மாத்திரை உள்ளே போயிருந்தது. ஆடியில் தண்ணீர் மட்டும்தான் மாறியதா என்று யாருமே யோசிக்கவில்லை.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “ஒண்ணா இருந்த மறுநாள்தான் வருது. எனக்குத் தெரியும். எப்படிச் சொல்றது?” என்றார்.

எங்கிருந்து வருகிறது

பெரும்பாலும் ஈ.கோலை என்ற கிருமிதான் காரணம். நம் எல்லோர் குடலிலும் வாழ்வது. ஆசனவாய்ப் பக்கம் இருப்பது உறவின்போது முன்னால் தள்ளப்பட்டுச் சிறுநீர்த் துளைக்குள் நுழைகிறது. பெண்களுக்கு அந்தப் பாதை நாலு சென்டிமீட்டர்தான். சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆகாது. ஓரிரு நாளில் எரிச்சல் தொடங்கிவிடும். மருத்துவப் புத்தகங்களில் இதற்குத் ‘தேனிலவு நீர்க்கடுப்பு’ என்று பழைய பெயர் ஒன்று உண்டு. எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஐம்பத்தைந்து வயதில் இதே தொல்லையோடு வருகிறவர்கள், அந்தப் பெயராலேயே வாய் திறக்கக் கூச்சப்படுகிறார்கள்.

கேட்காத எங்கள் மேலும் குற்றம் உண்டு. ‘தண்ணி நிறையக் குடிங்க’ என்று சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறோம்.

சூடு, சுண்ணாம்பு, சந்தேகம்

வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், இளநீர், நீர்மோர் எதன் மேலும் எனக்குப் பகையில்லை. அவற்றில் வேலை செய்வது முக்கியமாக நீர். குறைவாகத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி இந்தத் தொற்று வரும் 140 பெண்களில் பாதிப்பேரை நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கவைத்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வில், ஓராண்டில் மற்றவர்களுக்குச் சராசரி 3.2 முறை வந்த தொற்று இவர்களுக்கு 1.7 ஆகக் குறைந்தது. ஆகவே குடியுங்கள். ஆனால் குளிர் ஜுரம் வந்து, விலாவுக்குப் பின்னால் வலி பிடித்து, வாந்தியும் எடுத்த பிறகும் நாலு நாள் பார்லித் தண்ணீரையே நம்பி இருந்துவிட்டு வருகிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த நேரத்தில் கிருமி சிறுநீரகத்துக்கே ஏறிவிட்டிருக்கும்.

கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவது இன்னொன்று. சிறுநீர்ப்பைக்கும் பெருவிரலுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் பலரைக் கேட்டுவிட்டேன். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிவிடும். சர்க்கரை நோயாளி ஒருவர் எரிச்சலுக்கு வைத்தியம் பார்க்கப்போய்க் காலில் புண்ணோடு வந்தார்.

இதைவிட மோசம், உள்ளே கழுவுவது. கிருமிநாசினி கலந்த தண்ணீர், சோப்பு, மஞ்சள், விளம்பரத்தில் வரும் வாசனைத் திரவம் என்று ஒவ்வொருவரும் ஒன்று வைத்திருக்கிறார்கள். பெண்ணுறுப்பில் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா காவல் இருக்கிறது. அதைக் கொன்றுவிட்டு ஈ.கோலைக்கு வாசல் திறந்துவிடுகிறீர்கள். வெளியே சாதாரணத் தண்ணீர் போதும்.

சுத்தமில்லாதவளுக்குத்தான் இது வரும் என்று மாமியார் சொன்னாராம், ஒருவர் அழுதார். முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள், உறவு முடிந்ததும் சிறுநீர் கழியுங்கள் என்று நானும் சொல்கிறேன்தான். செலவில்லாத, கெடுதல் இல்லாத பழக்கம். ஆனால் அவை தொற்றைத் தடுக்கும் என்பதற்கு ஆய்வுகளில் வலுவான சான்று இல்லை. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். சிலருடைய திசுவில் கிருமி எளிதாக ஒட்டிக்கொள்ளும், உடல்வாகு அப்படி. பழியை அவர்கள் தலையில் போடாதீர்கள்.

அடுத்தது சந்தேகம். ஒரு பெண்ணின் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்த வாரமே மனைவிக்கு நீர்க்கடுப்பு. “அங்கேயிருந்து எதையோ கொண்டுவந்துட்டார்” என்று இரண்டு குடும்பமும் பஞ்சாயத்துப் பேசிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு அடுத்தடுத்து உறவு கொள்வதே இதற்குப் போதுமான காரணம். கிருமி அந்தப் பெண்ணுடைய சொந்தக் குடலில் இருந்தது. இது பால்வினை நோயில்லை. கணவரும் சேர்ந்து மாத்திரை விழுங்கத் தேவையில்லை. ஆனால் வெள்ளைப்படுதலும் துர்நாற்றமும் சேர்ந்திருந்தால், அல்லது கணவருக்கே எரிச்சலும் சீழும் இருந்தால் கதை வேறு. அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. அதையும் நாங்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும், பஞ்சாயத்தால் முடியாது.

கிரான்பெரி என்ற பழத்தைப் பற்றி இப்போது இளம்பெண்கள் கேட்கிறார்கள். அடிக்கடி தொற்று வருபவர்களுக்கு ஓரளவு குறைக்கிறது என்று காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2023 தொகுப்பாய்வு சொன்னது. வந்துவிட்ட தொற்றை அது ஆற்றாது. கடையில் விற்கும் அதன் சாற்றுப் பாட்டில்களில் சர்க்கரைதான் அதிகம்.

சிவப்புக் கோடு எதற்கு?

மாத்திரை அட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று சொல்லும் கோடு. ஆன்டிபயாட்டிக்குகளுக்காக 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் இதற்குப் பிரசாரமே நடத்தியது. நம் ஊரில் அந்தக் கோட்டை யாரும் மதிப்பதில்லை. “நீர்க்கடுப்புக்கு ரெண்டு குடுங்க” என்றால் நார்ஃப்ளாக்சசினோ சிப்ரோஃப்ளாக்சசினோ இரண்டு வெட்டித் தருகிறார்கள். இரண்டில் எரிச்சல் அடங்கிவிடும், கிருமி அடங்காது. இந்தியாவில் ஈ.கோலையில் பெரும்பகுதி இந்த வகை மருந்துக்கு மசிவதே இல்லை. போதாததற்குத் தசைநாண் கிழிதல் போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. வேறு மருந்து இருக்கும்போது சாதாரண நீர்க்கடுப்புக்கு இதைத் தராதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2016-ல் எச்சரித்தது.

அக்காவுக்குக் கொடுத்தது, போன தடவை மிச்சம் வைத்தது, பக்கத்து வீட்டு நர்ஸ் சொன்னது. எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. கடைசியில் என்னிடம் வரும்போது வாய்வழி மருந்து எதற்கும் கிருமி மசியாமல், ஊசி போடப் படுக்கையில் சேர்க்க வேண்டியிருக்கிறது. முப்பது வயதுப் பெண்ணை, நீர்க்கடுப்புக்காக!

பரிசோதனை ஒன்றுதான்: ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று காட்டும் சிறுநீர்க் கல்ச்சர். ஒரு தொல்லையும் இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி தெரிந்தால், கர்ப்பிணியாக இல்லாதவரை அநேகமாக மருந்து தேவைப்படாது.

திரும்பத் திரும்ப வந்தால்

ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஓராண்டில் மூன்று முறை வந்தால் அதைத் தொடர்தொற்று என்கிறோம். அதற்கு வழி இருக்கிறது. விந்தணுவைக் கொல்லும் ரசாயனம் தடவிய ஆணுறையோ ஜெல்லோ பயன்படுத்துகிறீர்களா என்று முதலில் கேட்பேன். அதை மாற்றினாலே சிலருக்கு நின்றுவிடும். சாதாரண ஆணுறையில் அந்தத் தொல்லை இல்லை.

உறவுக்குப் பின் மட்டுமே வருகிறது என்று உறுதியானால், உறவு கொண்ட அன்று குறைந்த அளவில் ஒரே ஒரு மாத்திரை. 1990-லேயே இதைச் சோதித்தார்கள்: வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 3.6 முறை, மருந்து எடுத்தவர்களுக்கு 0.3. மாத்திரையின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் நாளைக் காலையில் இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விடுவீர்கள். சிறுநீரகம், கர்ப்பம், அலர்ஜி, கல்ச்சர் எல்லாம் பார்த்துத் தரவேண்டியது அது.

மாதவிடாய் நின்றவர்களுக்கு வறட்சியே பாதிக் காரணம். பெண்ணுறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் ஆண்டுக்கு 5.9 ஆக இருந்த தொற்றை 0.5 ஆகக் குறைத்தது என்று 1993-லேயே வந்த ஆய்வு. இன்றைக்கும் “இந்த வயசுல க்ரீமா?” என்று வெட்கப்படுகிறார்கள்.

தயவு செய்து

பஸ் பயணத்துக்கும் ஜவுளிக்கடை வேலைக்கும் போகிற பெண்கள் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீரைக் குறைக்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமாக்கினார்கள். ஆனால் நிம்மதியாக எழுந்து கழிப்பறைக்குப் போய்வர இன்னும் தயங்குகிறார்கள். அடக்காதீர்கள் அம்மா. எரிச்சல் இருக்கும் நாட்களில் உறவு வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். கணவர்மார்களே, சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பின்புற உறவுக்குப் பிறகு கழுவாமல் முன்புறம் வராதீர்கள். குளிர் ஜுரம், முதுகுப்பக்க வலி, வாந்தி இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் வெறும் எரிச்சலுக்கே கிளம்புங்கள்.

வீட்டுத் தினசரிக் காலண்டரில் எரிச்சல் வந்த நாளுக்கு ஒரு புள்ளி, சேர்ந்திருந்த நாளுக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். யாருக்கும் புரியாது, எனக்குப் புரியும். வரும்போது அந்தத் தாள்களோடு, இதுவரை விழுங்கிய மாத்திரைகளின் காலி அட்டைகளையும் தூக்கிப் போடாமல் பையில் போட்டு எடுத்துவாருங்கள். உள்ளே வரும்போது தனியாக வாருங்கள்.